ஷேப்பா, பாத்தா, பிக்சல்ஸா?

ஃபோட்டோஷாப்பில் செவ்வகக் கருவியை எடுத்து இழுக்கிறோம். நிறமே விழாமல் மெல்லிய கோடு மட்டும் நிற்கிறது. இன்னொரு சமயம் அதே கருவி, புது லேயர் போடாமல் புகைப்படத்தின் மேலேயே நிறத்தை அப்பிவிடுகிறது. மென்பொருள் கெட்டுவிட்டது என்றுதான் பலரும் முடிவு கட்டுகிறார்கள். கெட்டதெல்லாம் இல்லை. மேலே ஆப்ஷன்ஸ் பாரில் ஒரு சின்னப் பெட்டிக்குள் ஷேப், பாத், பிக்சல்ஸ் என்று மூன்று தேர்வுகள் இருக்கின்றன. கடைசியாக எதை வைத்தோமோ, அதுதான் அடுத்த முறையும் வரும். குழப்பத்தில் பெரும்பங்கு அந்தச் சின்னப் பெட்டியில்தான் பிறக்கிறது.

வரைந்ததைப் பிறகு திருத்த வேண்டி வருமா என்ற ஒரே கேள்வியை வைத்தே தேர்வு செய்யலாம் என்பது என் கட்சி. வருமென்றால் ஷேப். அது வடிவத்தைக் கணித வரையறையாகச் சேமிப்பதால், பல மடங்கு பெரிதாக்கினாலும் விளிம்பு பிசிறாது. நிறத்தையும் மூலையின் வளைவையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பிக்சல்ஸ் அப்படியல்ல. இருக்கிற லேயரிலேயே புள்ளிகளாகப் பதிந்துவிடும், பெரிதாக்கினால் மங்கும். பாத் நிறமே தராது. தேர்வுப் பகுதி, மாஸ்க் போன்றவற்றுக்கான வரைகோடு மட்டுமே. பாத்ஸ் பேனலில் 'ஒர்க் பாத்' என்று தற்காலிகமாகத்தான் அது கிடக்கும், பெயர் கொடுத்துச் சேமிப்பது நல்லது.

ஷேப்பில் வரைந்தால் லேயர்கள் குவிகின்றன, பிக்சல்ஸ்தான் சுலபம் என்பார்கள். குவிவது உண்மைதான். ஆனால் லேயர்களுக்குப் பெயர் வைத்து குரூப்பில் போட நொடிகள் போதும். பிக்சல்ஸாகப் பதிந்துபோன வட்டத்தின் விளிம்பைச் சரிசெய்யவோ வட்டத்தையே மறுபடி வரைய வேண்டும். ஆனாலும் லேயர் மாஸ்க்கில் கறுப்போ வெள்ளையோ நிரப்பவும், பிக்சல் ஆர்ட் வரையவும் பிக்சல்ஸ்தான் பொருத்தம். பிக்சல் ஆர்ட்டுக்கு ஆன்டி-ஏலியாஸ் குறியை எடுத்துவிட்டால்தான் ஓரம் கூராக வரும்.

ஷேப்பைத் தேர்ந்தாலும் தொல்லை முழுவதும் தீராது. ஷிஃப்ட் விசையைப் பாருங்கள். இழுக்கத் தொடங்கிய பின் அழுத்தினால் சரிசதுரம் கிடைக்கும். ஷேப் லேயர் தேர்வில் இருக்கும்போது, இழுக்கும் முன்பே அழுத்தினால் புது வடிவம் பழையதோடு சேர்ந்துவிடும். ஆல்ட்டும் அதே வகை: முன்பே அழுத்தினால் கழிக்கும், பின்னால் அழுத்தினால் மையத்திலிருந்து விரியும். ஒரே ஒரு வட்டம் உள்ள லேயரில் அந்த வட்டத்தைக் கழித்தல் முறைக்கு மாற்றிவிட்டால், வட்டம் ஓட்டையாகி அதைச் சுற்றி கேன்வாஸ் முழுக்க நிறம் நிரம்பும். பதறிப்போய் அன்டூ அடிக்க வேண்டாம். சேர்த்தல் முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். ஸ்ட்ரோக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 1 பிக்சல் கோட்டை விளிம்பின் நடுவில் வைத்தால், அது இருபுறமும் அரை அரை பிக்சலாகப் பிரிந்து இரண்டு பிக்சல் அகலத்தில் மங்கலாகத் தெரியும். உள்பக்கம் என்று மாற்றினால் கூர்மை திரும்பும்.

கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் ஷேப்பா பிக்சல்ஸா என்ற முடிவைக் கருவியில் எடுப்பதில்லை, லேயரில் எடுக்கிறோம்: வெக்டர் லேயரில் செவ்வகம் திருத்தக்கூடியது, பெயின்ட் லேயரில் வெறும் புள்ளிகள். லோகோ, ஐகான் போல வடிவங்களே வேலை என்றால் இன்க்ஸ்கேப் என்ற வெக்டர் மென்பொருளுக்குப் போய்விடுங்கள். ஃபோட்டோஷாப்பிலேயே இருப்பவர்களுக்கு என் சிபாரிசு: பெட்டியை ஷேப்பில் வைத்துவிடுங்கள், மாஸ்க்குக்காக மாற்றினால் வேலை முடிந்ததும் திருப்பி வையுங்கள்.