சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள்



போன வருடம் எங்கள் அத்தைக்கு ரத்தத்தில் வெள்ளை அணு ரொம்ப அதிகமாக இருந்தது. டாக்டர் 'ஃபிஷ்' டெஸ்ட் எடுக்கச் சொன்னார். அப்பாயி உடனே, "எந்த மீனு வாங்கணும்?" என்று கேட்டது. எல்லோரும் சிரித்தோம். ஆனால் எனக்கும் அப்போது அது என்னவென்று தெரியாது. பிறகு அறிவியல் டீச்சரிடமும், ரத்தம் எடுத்த லேப் அக்காவிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நம் செல்லின் உட்கருவில் 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடி இருக்கின்றன என்று படித்திருக்கிறோம். 1960-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவல், ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், ஒரு வகை ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களின் செல்லில் ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். ஏன் குட்டை என்பதைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண், சிகாகோவின் ஜேனட் ரௌலி. குரோமோசோம் போட்டோக்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து வெட்டி வெட்டி ஒப்பிடுவாராம். அம்மா பேப்பர் பொம்மை விளையாடுறாங்க என்று அவர் பிள்ளைகள் கேலி செய்வார்களாம்! 9-வது குரோமோசோமின் துண்டும் 22-வதின் துண்டும் உடைந்து இடம் மாறி ஒட்டிக்கொண்டன என்று 1973-ல் வெளியிட்டார்.

இப்படி ஒட்டும்போது 9-ல் இருந்த ஏ.பி.எல். மரபணுவும் 22-ல் இருந்த பி.சி.ஆர். மரபணுவும் ஒன்றாகிவிடும். அது செய்யும் புரதம், அணைக்க முடியாத சுவிட்ச் மாதிரி 'பெருகு, பெருகு' என்று செல்லுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால்தான் வெள்ளை அணு கூடுகிறது.

இதை எப்படிக் கண்ணால் பார்ப்பது? அதற்குத்தான் ஒளிரும் ப்ரோப். ப்ரோப் என்பது சாயம் ஒட்டிய சின்ன டி.என்.ஏ. துண்டு. டி.என்.ஏ. இரட்டை இழை, ஜிப் மாதிரி. ஸ்லைடில் செல்லை வைத்துச் சூடாக்கினால் ஜிப் பிரியும். பிறகு 37 டிகிரியில் ராத்திரி முழுவதும் வைத்தால் ப்ரோப் தனக்குப் பொருந்துகிற பல் எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சேர்ந்துவிடும். ஒட்டாததைக் கழுவிவிட்டு, இருட்டு அறையில் விசேஷ மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். ஏ.பி.எல்.லுக்குச் சிவப்பு, பி.சி.ஆர்.க்குப் பச்சை. நல்ல செல்லில் 2 சிவப்பு, 2 பச்சைப் புள்ளி தெரியும். நோய் செல்லில் 1 சிவப்பு, 1 பச்சை, 2 மஞ்சள்.

இங்கேதான் எனக்குச் சந்தேகம். கோலப்பொடியில் சிவப்பையும் பச்சையையும் கலந்தால் மண் கலர்தானே வருது? டீச்சர் பதில் சொல்லவில்லை. இரண்டு டார்ச்சில் சிவப்பு, பச்சைக் கண்ணாடிப் பேப்பரைக் கட்டி, ஜன்னலைச் சாத்தி, சுவரில் ஒரே இடத்தில் அடிக்கச் சொன்னார். மஞ்சள் வந்தது! பொடி வெளிச்சத்தை விழுங்கும், ஒளியோ ஒன்றோடொன்று கூடும். மைக்ராஸ்கோப்பில் வருவது ஒளி.

இன்னொரு சந்தேகம். சிவப்பும் பச்சையும் சும்மா மேலே மேலே விழுந்தாலும் மஞ்சளாகத் தெரியாதா? தெரியுமாம். அதனால் ஒரு செல்லைப் பார்த்து முடிவு சொல்ல மாட்டார்கள், 200 செல் வரை எண்ணுவார்கள். லேப் அக்கா கண்ணாடி போட்டதற்குக் காரணம் அதுதானோ என்னமோ!

அத்தையின் ரிப்போர்ட்டில் மஞ்சள் வந்தது. அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. ஆனால் இந்த நோய்க்கென்றே இமாடினிப் என்ற மாத்திரை 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, இப்போது நம் ஊரிலும் கிடைக்கிறது. அந்தக் கெட்ட புரதம் சக்தி எடுக்கும் இடத்தில் போய் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். அத்தை தினமும் சாப்பாட்டோடு ஒன்று போட்டுக்கொண்டு வயல் வேலைக்குப் போகிறார்.

அத்தை மகள் நம் பள்ளியில்தான் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவள் தண்ணீர் பாட்டிலைத் தொட மாட்டேன் என்கிறார்கள் சிலர். "உனக்கும் வருமா?" என்றும் கேட்டிருக்கிறார்கள். ராத்திரி என்னிடம் வந்து அழுதாள். அந்த உடைதல் அத்தை பிறந்த பிறகு எலும்பு மஜ்ஜையில் ஒரு செல்லில் நடந்தது. பிள்ளைக்குப் போகாது. தொட்டால் ஒட்டாது. அவள் பாட்டிலில் நான் தினமும் குடிக்கிறேன்.

டார்ச் சோதனை பார்க்க விரும்புபவர்கள் வெள்ளிக்கிழமை மதியம் ஒன்பதாம் வகுப்புக்கு வாருங்கள். கண்ணாடிப் பேப்பர் என்னிடம் இருக்கிறது, டார்ச் மட்டும் யாராவது இன்னொன்று கொண்டு வாங்க.