புத்தாண்டில் அமெச்சூர் வானொலி: பெங்களூரின் பணியும் குறிக்கோள்களும்

வானொலி என்றவுடன் பாட்டும் செய்தியும் கேட்கும் பெட்டியே பெரும்பாலோரின் நினைவிற்கு வருகிறது. ஆயின் கேட்பதோடு அமையாது, தாமே கருவி அமைத்து, அரசினரிடம் உரிமம் பெற்று, தொலைவிலுள்ளாரோடு வானலை வாயிலாக உரையாடுவோரும் உளர். இவர்கள் அமெச்சூர் வானொலியாளர் எனப்படுவர். ‘ஹாம்’ என்பது இவர்களுக்கு உலகெங்கும் வழங்கும் பெயர். பொருளீட்டும் நோக்கமின்றி, அறிவு வேட்கை ஒன்றையே முதலாகக் கொண்டு இவர்கள் இத்துறையில் ஈடுபடுகின்றனர்.

அண்மைக் காலத்தில் இருமுறை, புத்தாண்டை ஒட்டியே இந்நாட்டு அமெச்சூர் வானொலிக்கு ஏற்றம் கிடைத்தது. 2024 ஆம் ஆண்டின் முதல் நாளன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த பி.எஸ்.எல்.வி. சி58 ராக்கெட்டின் நான்காம் அடுக்கில், மும்பை சோமையா தொழில்நுட்பக் கல்லூரியினர் ஆக்கிய அமெச்சூர் வானொலிக் கருவி ஒன்று சென்றது. அவ்வாண்டு முடியும் தறுவாயில், டிசம்பர் 30 அன்று, பி.எஸ்.எல்.வி. சி60 இன் நான்காம் அடுக்கு மற்றொரு கருவியைச் சுமந்தது. இது பெங்களூரை அடுத்த சிக்கபள்ளாபூரிலுள்ள எஸ்.ஜே.சி. தொழில்நுட்பக் கல்லூரியில் உருவானது. குரல், எழுத்து, படம் ஆகிய மூவகைச் செய்திகளையும் விண்ணிலிருந்து தரைக்கு அனுப்புவது இதன் பணி.

எனினும் இவ்விரு கருவிகளும் நெடுநாள் நிலைக்கக்கூடியன அல்ல. பணி முடிந்த ராக்கெட் அடுக்கை வீணாக்காது, ஏறத்தாழ 350 கிலோமீட்டர் உயரத்தில் சில காலம் சுழலவிட்டு ஆய்வுக்குப் பயன்படுத்தும் திட்டத்தின்கீழ் இவை சென்றன. அவ்வுயரத்தில் எஞ்சியிருக்கும் மெல்லிய காற்றே அடுக்கின் வேகத்தைத் தடுத்துக் கீழே இழுத்துவிடும். முன்னது 2024 மார்ச்சிலும், பின்னது 2025 ஏப்ரலிலும் வளிமண்டலத்துள் புகுந்து அழிந்தன. ஆகவே, நிலையானதோர் அமெச்சூர் துணைக்கோள் மீண்டும் வேண்டும் என்பது ஒவ்வொரு புத்தாண்டிலும் இத்துறையினர் முன் நிற்கும் குறிக்கோளாக உள்ளது. இதன் காரணத்தை அறியச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

பயனற்றதெனக் கருதப்பட்ட சிற்றலைகள்

1912 இல் அமெரிக்க அரசு இயற்றிய சட்டம், அமெச்சூர்கள் 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைநீளமும் கொண்ட அலைகளையே பயன்படுத்தலாம் என வரையறுத்தது. நீண்ட அலைகளே நெடுந்தொலைவு செல்லும் என அந்நாளில் அறிஞர் நம்பினர். எனவே எவருக்கும் வேண்டாத பகுதி அமெச்சூர்களுக்குத் தரப்பட்டது. ஆனால் 1923 நவம்பரில் பிரான்ஸில் ஒருவரும் அமெரிக்காவில் ஒருவருமாக, ஏறக்குறைய 110 மீட்டர் அலைநீளத்தில் அட்லாண்டிக் கடலைக் கடந்து இருவழித் தொடர்பு கொண்டனர். சிற்றலைகளின் ஆற்றல் இதனால் வெளிப்பட்டது.

இவ்வியப்பின் காரணம் அயனி மண்டலம் ஆகும். கதிரவனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் வளிமண்டலத்தின் மேற்பகுதியிலுள்ள அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. இவ்வாறு மின்னூட்டம் பெற்ற அடுக்குகள் சிற்றலைகளை வளைத்துப் பூமிக்குத் திருப்பி அனுப்புகின்றன. அலை தரையில் பட்டு மீண்டும் எழுகிறது, மீண்டும் திரும்புகிறது. இங்ஙனம் பல தாவல்களில் அது கண்டங்களைக் கடக்கிறது. அதிர்வெண் மிகுந்துகொண்டே போனால் ஒரு வரம்பிற்கு மேல் அலை வளையாது, அடுக்கைத் துளைத்து விண்வெளிக்குச் சென்றுவிடும்.

இவ்வரம்பு நிலையானதன்று. கதிரவனில் கரும்புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் அது உயரும். குறையும் ஆண்டுகளில் தாழும். ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை இம்மாற்றம் சுழல்கிறது. இருபத்தைந்தாம் சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கிற்று; அது உச்சக் கட்டத்தை எய்தியதாக 2024 அக்டோபரில் அமெரிக்க ஆய்வு நிலையங்கள் அறிவித்தன. உச்சக் காலத்தில் 28 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சிறு ஆற்றல் கொண்டே நெடுந்தொலைவு பேச இயலும். சுழற்சி இறங்கத் தொடங்கிய பின்னர் அவ்வரிசை படிப்படியாக அமைதியுறும். 7, 14 மெகாஹெர்ட்ஸ் வரிசைகளே துணையாகும். ஆண்டிற்கான திட்டம் வகுப்போர் கதிரவனையும் கணக்கில் கொள்வது இதனாலேயாம். பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் ஆக்கிய ஒளிவட்ட ஆய்வுக் கருவியைத் தாங்கி, 2024 ஜனவரி 6 அன்று தன் சுற்றுப்பாதையை அடைந்த ஆதித்யா எல்1 கலமும் இக்கதிரவனையே ஆராய்கிறது.

பெங்களூரில் உருவான துணைக்கோள்

அயனி மண்டலத்தை நம்பாது, அதனைத் துளைக்கும் உயர்ந்த அதிர்வெண்களைக் கொண்டே பேசும் வழியைத் துணைக்கோள் அளித்தது. உலகின் முதல் அமெச்சூர் துணைக்கோளான ஆஸ்கார் 1, 1961 டிசம்பர் 12 அன்று அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்டது. அது மோர்ஸ் முறையில் இரண்டே எழுத்துக்களைத் திரும்பத் திரும்ப ஒலித்து, ஏறக்குறைய 22 நாட்கள் பணிபுரிந்தது.

இந்தியாவின் பங்காக, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் அம்சாட் இந்தியா அமைப்பின் ஒத்துழைப்புடன் ‘ஹாம்சாட்’ என்னும் கோளைப் பெங்களூரில் ஆக்கியது. 42.5 கிலோகிராம் எடையுடைய சிறு கோள் அது. 2005 மே 5 அன்று பி.எஸ்.எல்.வி. சி6, கார்ட்டோசாட் 1 என்னும் பெரிய துணைக்கோளுடன் இதனையும் விண்ணில் சேர்த்தது. விண்ணை அடைந்தபின் வி.யு.சாட் ஆஸ்கார் 52 என அது பெயர் பெற்றது.

அதனுள் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள் இருந்தன; ஒன்று இந்தியாவில் ஆக்கப்பட்டது, மற்றது நெதர்லாந்து நாட்டு மாணவர் ஒருவர் ஆக்கியது. டிரான்ஸ்பாண்டர் என்பது ஓர் அதிர்வெண்ணில் வாங்கிய செய்தியை மற்றோர் அதிர்வெண்ணில் திருப்பி அனுப்பும் கருவி. ஹாம்சாட் 435 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் வாங்கி 145 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் அனுப்பியது. ஏறக்குறைய 60 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள வரிசை முழுவதையும் அது ஒருங்கே மாற்றியதால், ஒரே வேளையில் பலர் தத்தம் இடத்தில் நின்று உரையாட முடிந்தது.

இதில் பழகுவோர் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. கோள் நொடிக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர் வேகத்தில் செல்வது. புகைவண்டி நெருங்கும்போது ஊதல் ஒலி உச்சமாகவும், விலகும்போது தாழ்ந்தும் கேட்பது போலவே, கோளுக்குச் செல்லும் அலையும் அங்கிருந்து வரும் அலையும் அதிர்வெண்ணில் மாறித் தோன்றும். இதற்கு டாப்ளர் விளைவு என்று பெயர். 435 மெகாஹெர்ட்ஸில் இம்மாற்றம் ஏறக்குறைய 10 கிலோஹெர்ட்ஸ் வரை செல்லும். 145 மெகாஹெர்ட்ஸில் அதில் மூன்றிலொரு பங்கே ஆகும். எனவே பேசுவோர் கோள் நகர நகரக் குமிழைத் திருப்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். 600 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில் சுழன்ற கோள், ஓரிடத்தின் வானில் மிகுதியாக 13 நிமிடமே தென்படும். அதற்குள் உரையாடல் முடிந்துவிட வேண்டும்.

இரண்டாண்டு பணிபுரியும் எனக் கருதி அனுப்பப்பட்ட ஹாம்சாட் ஒன்பதாண்டுகளுக்கு மேல் உழைத்தது. மின்கலங்கள் பழுதுற்றமையால் 2014 ஜூலையில் அதன் பணி முடிந்தது. அதன் பின்னர், 2019 ஏப்ரல் 1 அன்று பி.எஸ்.எல்.வி. சி45 இன் நான்காம் அடுக்கில் அம்சாட் இந்தியாவின் சிறு கருவியொன்றும், மேலே கூறிய இரு கருவிகளும் சென்றன. ஆயினும் பலர் ஒருங்கே பேசத்தக்கதாய்ப் பல்லாண்டு நிலைத்த ஹாம்சாட்டின் இடத்தை இவை நிரப்பவில்லை.

இடர்க்காலத் துணை

அமெச்சூர் வானொலி வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கு 2004 டிசம்பர் சான்றாகும். அம்மாதத்தில் அமெச்சூர்களின் குழு ஒன்று, அந்தமான் தீவுகளிலிருந்து உலக நாடுகளோடு பேசும் பொருட்டுப் போர்ட் பிளேர் சென்றிருந்தது. டிசம்பர் 26 அன்று நில அதிர்ச்சியும் அதனை அடுத்து ஆழிப்பேரலையும் தாக்கவே, தீவுகளின் தொலைபேசித் தொடர்புகள் சிதைந்தன. அக்குழுவினர் விளையாட்டாகக் கொண்டுசென்ற கருவிகளே உடனே செய்திப் பாலமாயின. உறவினரின் நலம் அறிய ஏங்கியோருக்குச் செய்திகள் அவற்றின் வழியே சென்றன. 1999 இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலின்போதும், 2001 இல் குஜராத் நிலநடுக்கத்தின்போதும் அமெச்சூர்கள் இவ்வாறே தொண்டாற்றினர்.

கைபேசி மலிந்த இந்நாளில் இது தேவையோ என வினவுவோர் உண்டு. கைபேசி தானே நேரே பேசுவதில்லை. அருகிலுள்ள கோபுரமும், அதற்கு வரும் மின்சாரமும், அதனைப் பிற இடங்களோடு இணைக்கும் வடமும் சீராக இருந்தால்தான் அது பேசும். இவற்றுள் ஒன்று அறுந்தாலும் கைபேசி ஊமையாகும். அமெச்சூர் நிலையத்திற்கு வேண்டுவன கருவி, கம்பி, மின்கலம் ஆகிய மூன்றுமே.

புத்தாண்டில் செய்யத்தக்கன

முதலாவது, புதியவர்களைப் பயிற்றுதல். 2009 ஆம் ஆண்டின் விதிகள் 12 வயது நிரம்பியோர் தேர்வெழுத இடமளித்தன. பொது, கட்டுப்பாடு என இருவகை உரிமங்களையும் வகுத்தன. வானொலிக் கோட்பாட்டையும் விதிமுறைகளையும் இருவகையினரும் கற்க வேண்டும். அவ்விதிகளின்படி பொது உரிமம் நாடுவோர் நிமிடத்திற்கு 8 சொற்கள் வீதம் மோர்ஸ் முறையிலும் தேர வேண்டியிருந்தது. உரிமம் பெற்றோருக்கு ‘வி.யு.’ எனத் தொடங்கும் அழைப்புக்குறி வழங்கப்படும். பெங்களூரில் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஹாம்ஸ் போன்ற அமைப்புகள் இப்பயிற்சியை அளித்து வந்துள்ளன. 2025 ஜூலை 4 அன்று, பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்த சுபான்ஷு சுக்லா பெங்களூர் யு.ஆர். ராவ் துணைக்கோள் மையத்தில் கூடிய மாணவர்களோடு அமெச்சூர் வானொலி வழியே உரையாடினார். அன்று எழுந்த ஆர்வத்தை உரிமம் பெறும் அளவிற்கு வளர்த்தல் பள்ளிகளின் கையில் உள்ளது.

இரண்டாவது, மோர்ஸ் கலையைப் பேணுதல். குரல் புரியாத அளவிற்கு இரைச்சல் மிகுந்தபோதும் மோர்ஸ் ஒலியைப் பிரித்தறிய இயலும். ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாளன்று, பழைய தந்திச் சாவியைக் கையால் இயக்கிப் பேசும் நாளை அமெரிக்க அமெச்சூர் சங்கம் நடத்துகிறது. பிற நாட்டாரும் அதில் சேர்கின்றனர். இந்நாட்டு அமெச்சூர்களும் அந்நாளைப் பயிற்சி நாளாகக் கொள்ளலாம்.

மூன்றாவது, அண்மைத் தொடர்புக்கான ஏரியலை அமைத்துப் பழகுதல். பேரிடரில் வேண்டுவது பெரும்பாலும் தொலைநாட்டுப் பேச்சன்று; 300 கிலோமீட்டருக்கு உட்பட்ட மாவட்டத் தொடர்பே. இதற்கு 7 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் ஏரியலைத் தாழ்வாகக் கட்டுதல் வேண்டும். அலை ஏறத்தாழச் செங்குத்தாக எழுந்து, அயனி மண்டலத்தில் பட்டு, சுற்றுப்புறத்திலேயே மழைபோல் இறங்கும். இடையிலுள்ள மலைகள் தடையாகா. கம்பியின் நீளத்தைக் கணிப்பதும் எளிதே. 142.5 என்னும் எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலை ஏரியலின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அது ஏறக்குறைய 20 மீட்டர். அடுக்குமாடி வீடுகள் மிகுந்த பெங்களூரில் இடமில்லாதோர் பூங்காவில் இரு மரங்களிடையே இசைவு பெற்றுக் கட்டிப் பழகலாம்.

நான்காவது, மின்சாரமின்றி இயங்கும் திறனைச் சோதித்தல். ஒரு நிலையம் செய்தி வாங்கும்போது 1 ஆம்பியரும், அனுப்பும்போது 4 ஆம்பியரும் கொள்கிறது என வைத்துக்கொள்வோம். மணிக்கு 45 நிமிடம் வாங்கி 15 நிமிடம் அனுப்பினால் சராசரி 1.75 ஆம்பியர் ஆகும். 20 ஆம்பியர் மணி மின்கலம் இதனை 11 மணி நேரம் நடத்தும். மறுநாள் காலை அது போதாது. இக்கணக்கைத் தாளில் மட்டும் போட்டுப் பயனில்லை. ஆண்டிற்கு இருமுறையேனும் மின்சாரத்தைத் துண்டித்து, இரவு முழுதும் நிலையத்தை நடத்திப் பார்த்தல் நலம்.

ஐந்தாவது, துணைக்கோளை வாங்கும் பழக்கம். உரிமம் இல்லாதோரும் தொடங்கத்தக்க பணி இது. விண்வெளி நிலையத்தின் அமெச்சூர் ஒலி 145.80 மெகாஹெர்ட்ஸில் வரும். அவ்வலையை வாங்கும் எளிய கருவியும், ஏறக்குறைய அரை மீட்டர் நீளமுள்ள கால் அலைக் கம்பியுமே போதும். 2010 ஜூலை 12 அன்று விண்ணை அடைந்த ஸ்டட்சாட், பெங்களூர், ஹைதராபாத் நகரங்களின் ஏழு பொறியியற் கல்லூரி மாணவர்கள் ஆக்கியது. ஒரு கிலோகிராமிற்கும் குறைந்த எடையுடையது. கேட்கத் தொடங்கும் மாணவனே பின்னர் ஆக்கவும் துணிவான் என்பதை அம்முயற்சி காட்டிற்று. ஹாம்சாட்டின் இடத்தை நிரப்பும் அடுத்த கோளுக்குப் பணமும் ராக்கெட்டும் வேண்டும் என்பது உண்மையே. அவற்றோடு, அதனை அமைக்கவும் பயன்படுத்தவும் தேர்ந்த இளைஞர் பலரும் வேண்டும். அவர்களை ஆயத்தம் செய்தலே இத்துறையினர் தம் கையால் இவ்வாண்டிலேயே தொடங்கக்கூடிய பணியாகும்.