ஊஞ்சல் சங்கிலியும் குகைக் காற்றும்

2020 மார்ச்சில் கொரோனாவால் பூட்டுப் போட்ட கேளிக்கைப் பூங்காக்களைத் திறக்கத் தமிழக அரசு அனுமதித்தது அந்த ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி. ஏழு மாதத்துக்கும் மேலாக வீட்டுக்குள்ளேயே கிடந்த பிள்ளைகளை எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்ற தவிப்பு பெற்றோருக்கு. கூட்டிப்போனால் என்ன ஆகுமோ என்ற பயம் தாத்தா பாட்டிகளுக்கு. இரண்டுக்கும் நடுவே ஊர் ஊராகச் சில நம்பிக்கைகள் உலவின. சில பாதி உண்மை. சில முழுப் பிசகு.

புதுக்கோட்டை மாவட்டத்தில் சென்னை விஜிபியைப் போலவோ மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரைப் போலவோ பெரிய கேளிக்கைப் பூங்கா கிடையாது. இங்குள்ளவர்களுக்கு விடுமுறை என்றால் சித்தன்னவாசல், திருமயம் கோட்டை, திருக்கோகர்ணம் அருங்காட்சியகம். திருவிழா வந்தால் ராட்டினம். அதனால் அந்த நம்பிக்கைகளை இந்த மண்ணில் வைத்தே பார்க்கலாம்.

முதலில் எல்லோரும் சொன்னது: "ஊஞ்சலைத் தொடாதே, சறுக்கு மரத்தைத் தொடாதே, கிருமி ஒட்டிக்கொள்ளும்."

சித்தன்னவாசலுக்குப் போனவர்களுக்கு அந்த இடத்தின் அமைப்பு தெரியும். ஒரு பக்கம் சிறுவர் பூங்கா, படகு விடும் குளம், மேலே திறந்த வானம். இன்னொரு பக்கம் பாறையைக் குடைந்த சமணர் கோயிலான அறிவர் கோயில். 9-ஆம் நூற்றாண்டுத் தாமரைக்குள ஓவியம் இருப்பது இங்கேதான். அதன் கருவறை சிலர் நின்றாலே நிறைந்துவிடும் சின்ன அறை. ஒரே வாசல், சன்னல் இல்லை. உள்ளே போகிறவர்கள் நடுவில் நின்று கண்ணை மூடி மெல்ல முனகிப் பார்ப்பது வழக்கம். அந்த ஒலி பாறையில் பட்டு அதிர்ந்து உடம்புக்குள் இறங்கும். மறக்க முடியாத அனுபவம் அது. ஆனால் தொற்றுக்காலக் கண்ணோடு பார்த்தால், அந்த வளாகத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடமும் அதுதான். பிள்ளை ஊஞ்சல் சங்கிலியைத் தொட்டதற்காகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவும் தாய், அதே பிள்ளையை முன்பின் தெரியாத பத்துப் பேரோடு குகைக்குள் நிற்கவைத்தால் பயம் இடம் மாறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கு ஆதாரம் உண்டு. 2020 ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, இந்த நோய் காற்றில் மிதக்கும் நுண்துளிகளால் பரவுகிறது, அதை ஒப்புக்கொள்ளுங்கள் என்று சுகாதார அமைப்புகளிடம் பகிரங்கமாகக் கேட்டார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் கணக்குச் சொன்னது: கிருமி பட்ட ஒரு பொருளைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. திறந்த வெளியைப் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கலிபோர்னியா ஆய்வாளர்கள், பதிவான தொற்றுகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவையே வெளியில் நேர்ந்தவை என்று கண்டார்கள். கை கழுவுவது வீண் என்று இதற்குப் பொருள் இல்லை; வயிற்றுப்போக்கைத் தடுக்க அதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் கொரோனாவுக்கு முதல் கேள்வி, இங்கே காற்று ஓடுகிறதா என்பதே.

இன்னொன்றையும் பலர் யோசிக்கவில்லை. மூன்று குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து, கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு இரண்டு மணி நேரம் போய், அங்கே இறங்கியதும் முகக்கவசம் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. போய்ச் சேர்ந்த பூங்காவைவிட அந்த வேன்தான் ஆபத்து. வேனில் கவசம் போட்டு, கண்ணாடியை இறக்கி, திருமயம் கோட்டை உச்சிக்காற்றில் கழற்றியிருந்தால் அது அறிவியலுக்குப் பொருந்தியிருக்கும்.

"வாசலில் மருந்து அடித்துத்தான் உள்ளே விடுகிறார்கள், பயமில்லை." இந்த நம்பிக்கைக்குத் தமிழகமே ஒரு தொடக்கம். 2020 ஏப்ரல் முதல் வாரத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். நடந்து போகிறவர் மேல் பனித்துளி மாதிரி மருந்து தூவும். நாடு முழுக்க அதைப் பார்த்து வைத்தார்கள். அதே மாதத்திலேயே தமிழகப் பொதுச் சுகாதாரத் துறை இயக்குநர் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று உத்தரவிட்டார். மத்திய சுகாதார அமைச்சகமும் மனிதர் மேல் மருந்து அடிக்கக் கூடாது என்றது. மூச்சுக்குழாய்க்குள் இருக்கும் கிருமியைச் சட்டை மேல் அடிக்கும் மருந்து என்ன செய்யும்? கண்ணும் தோலும் எரிந்ததுதான் மிச்சம்.

நெற்றிக்கு நேரே நீட்டிக் காய்ச்சல் பார்க்கும் கருவிக்கும் ஏறத்தாழ இதே கதைதான். காய்ச்சலோடு வருபவரை அது நிறுத்தும். அந்த அளவுக்கு நல்லது. ஆனால் இந்த நோய் அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கும். குவாங்சோ, ஹாங்காங் ஆய்வாளர்கள் 2020-இல் கணித்தபடி, நூற்றில் 44 தொற்றுகள் அறிகுறி தோன்றும் முன்பே நிகழ்ந்தவை. அப்படி வருபவருக்குக் கருவி பச்சை விளக்குக் காட்டும்.

"நம்ம ஊர் வெயிலுக்குக் கொரோனா தாங்காது" என்பதை டீக்கடையில் கேட்காதவர் இருக்க முடியாது. புதுக்கோட்டை வெயிலை அனுபவித்தவர்கள் சொன்னது என்பதால் நம்பத்தான் தோன்றும். நேரடிச் சூரிய ஒளியில் பொருள்கள் மேல் இருக்கும் கிருமி சீக்கிரம் செயலிழக்கும் என்பதும் உண்மை. ஆனால் தமிழகத்தில் ஒருநாள் தொற்று உச்சம் தொட்டது 2021 மே 21-இல்: 36,184 பேர். அக்கினி நட்சத்திரத்தின் நடுவே! வெயில் ஏறினால் மனிதர்கள் வெயிலில் நிற்பதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகிறார்கள்.

தண்ணீர் விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. குளோரின் கலந்த நீர் கிருமியைப் பரப்பும் என்று பயந்தவர்கள் அதிகம். லண்டன் இம்பீரியல் கல்லூரி 2021-இல் சோதித்தபோது, முறையாகக் குளோரின் கலந்த நீச்சல்குள நீர் கொரோனா கிருமியின் தொற்றும் திறனை 30 வினாடிக்குள் ஆயிரம் மடங்குக்கு மேல் குறைத்தது. பயப்பட வேண்டியது உடை மாற்றும் அறையைப் பற்றி.

ராட்டினத்தில் கத்தக் கூடாது என்ற விதி ஜப்பானிலிருந்து வந்தது. 2020 மே மாதம் அந்நாட்டுக் கேளிக்கைப் பூங்காக்களின் சங்கங்கள் அப்படி வழிகாட்டின. ஃபுஜி-கியூ பூங்காவின் அதிகாரிகள் இருவர் கோட்டு சூட்டோடு ரோலர் கோஸ்டரில் வாய் திறக்காமல் சவாரி செய்து, மனசுக்குள் கத்துங்கள் என்று காணொளி வெளியிட்டார்கள். உலகம் சிரித்தது. விதியின் அடிப்படை தப்பில்லை. குரல் உயர உயர வாயிலிருந்து கிளம்பும் நுண்துளிகளும் கூடும். உயரத்தில் வீசும் காற்று அவற்றைக் கலைத்துவிடும் என்பதால் ராட்டினத்தில் அதற்குத் தேவை குறைவு. முனகி அதிர்வு கேட்கும் குகைக்குத்தான் அந்த விதி கச்சிதம்.

"பூங்காவைத் திறந்ததால்தான் அடுத்த அலை வந்தது" என்பது எதிர்த்தரப்பு நம்பிக்கை. நவம்பரில் திறந்தபோது தமிழகத்தில் நாளொன்றுக்கு இரண்டாயிரம் பேர் அளவில் தொற்று. 2021 பிப்ரவரியில் அது ஐந்நூறுக்கும் கீழே இறங்கியிருந்தது. இரண்டாம் அலை அதற்குப் பிறகு, டெல்டா என்ற புது உருவோடு வந்தது. ஷாங்காய் டிஸ்னிலேண்டுக்கு வந்துபோன ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்ததும் 2021 அக்டோபர் 31-ஆம் தேதி இரவோடு இரவாக 33,863 பேரைச் சோதித்தார்கள். ஒருவருக்கும் தொற்று இல்லை. அதற்காகப் பூங்கா பாதுகாப்பின் கோட்டை என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் ஊரில் எவ்வளவு தொற்று உலவுகிறது, எத்தனை பேரை உள்ளே விடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

சான்றிதழ் மீதான நம்பிக்கையையும் விட்டுவிட முடியாது. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு நடக்கும் தச்சங்குறிச்சி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2022-இல் மாடுபிடி வீரருக்கு இரண்டு தவணைத் தடுப்பூசி, 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் சான்று கட்டாயம். வீரர்கள் 300 பேருக்கு மேல் கூடாது. பார்வையாளர் 150 பேர் அல்லது இருக்கையில் பாதி. பரிசோதனைச் சான்று சொல்வது நேற்றைய நிலையை. ஊசி உயிரைக் காத்தது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஒமைக்ரான் என்ற அடுத்த உரு ஊசி போட்டவர் வழியாகவும் பரவியது. அந்த விதிகளில் மெய்யாக வேலை செய்தது ஆள் எண்ணிக்கையைக் குறைத்ததுதான்.

இதையெல்லாம் இப்போது பேசக் காரணம் உண்டு. தட்டம்மையும் காற்றில்தான் பரவுகிறது. ஃப்ளூவும் அப்படிப் பரவும். 2020-இலும் 2021-இலும் திருவிழா இல்லாமல் இரண்டு கோடையை இழந்த ராட்டினக்காரர்கள், இனியொரு நோய் வந்தால் மறுபடியும் முதலில் முடக்கப்படுவார்கள். திறந்த வெளித் தொழிலையும் மூடிய மண்டபத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்று அவர்களுக்காகக் கேட்க ஆள் வேண்டும்.

சித்தன்னவாசலுக்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. பிரான்சின் லாஸ்கோ குகையில் பார்வையாளர்களின் மூச்சுக்காற்றே ஓவியங்களைக் கெடுத்ததால், 1963-இல் அதைப் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். நம் தாமரைக்குளம் இன்னும் திறந்திருக்கிறது. அடுத்த முறை போகும்போது ஐந்தாறு பேராக உள்ளே போங்கள், பார்த்ததும் வெளியே வாருங்கள், மற்றவர்கள் பாறை நிழலில் காத்திருக்கட்டும். பிள்ளைகளை அதுவரை ஊஞ்சலில் ஆடவிடுங்கள்.