நுரையீரலும் முதல் மூச்சும்

கருப்பையில் வளரும் குழந்தையின் நுரையீரலில் காற்று இல்லை. நுரையீரல் தானே சுரந்த நீர்மம் அதில் நிறைந்துள்ளது. குழந்தைக்கு வேண்டிய ஆக்சிஜன் தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் கிடைக்கிறது. பிறந்தவுடன் இந்த ஏற்பாடு முடிவுக்கு வருகிறது. நீர்மம் விலகி, அதன் இடத்தில் காற்று நிறைய வேண்டும். முதல் மூச்சுக்குத் தேவைப்படும் விசை, பின்னர் இழுக்கும் இயல்பான மூச்சுகளுக்குத் தேவைப்படுவதில்லை.

காற்று செல்லும் வழி

நாசியறையில் நுழையும் காற்றை உரோமங்களும் கோழைப்படலமும் தூய்மையாக்குகின்றன. அங்குள்ள இரத்த நாளங்கள் அதனை வெதுவெதுப்பாக்குகின்றன. அடுத்துள்ள தொண்டை உணவுக்கும் காற்றுக்கும் பொதுவழி ஆகும். விழுங்கும்போது குரல்வளை மேலெழ, குரல்வளை மூடி அதன் வாயிலை மறைக்கிறது. உண்ணும்போது பேசினாலோ சிரித்தாலோ இவ்வொழுங்கு தவறிப் புரையேறுகிறது. யாரோ நினைக்கிறார்கள் என்று வீடுகளில் கூறுவதுண்டு. வழிதவறிய உணவுத்துணுக்கை இருமல் வெளியேற்ற முயல்வதே அங்கு நிகழ்கிறது.

மூச்சுக்குழல் ஏறத்தாழ 12 செ.மீ. நீளமுடையது. லாட வடிவக் குருத்தெலும்புகள் அதனை எப்போதும் திறந்திருக்கச் செய்கின்றன. அவற்றின் திறந்த பகுதி பின்புறமுள்ள உணவுக்குழலை நோக்கியிருப்பதால், உணவுக்கவளம் இறங்கும்போது உணவுக்குழல் விரிய இடம் கிடைக்கிறது. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியுமிடத்தில் வலக்கிளை அகன்றும் செங்குத்தாகவும் உள்ளது. சிறுவர் விழுங்கும் நிலக்கடலை வழிதவறினால் பெரும்பாலும் வலப்பக்கம் சென்று சிக்குவது இதனாலேயே.

கிளைக்குழல்கள் சுமார் 23 முறை பிரிந்து நுண்ணியவாகின்றன. இயல்பான ஒரு மூச்சில் உள்ளே செல்லும் 500 மி.லி. காற்றில் ஏறத்தாழ 150 மி.லி. இவ்வழியிலேயே தங்கிவிடுகிறது, அதிலிருந்து இரத்தத்திற்கு ஆக்சிஜன் சேர்வதில்லை.

காற்று நுண்ணறைகள்

குழல்களின் முடிவில் உள்ளவை காற்று நுண்ணறைகள். இரு நுரையீரல்களிலும் சேர்ந்து இவை ஏறத்தாழ 30 கோடி. ஒவ்வொன்றின் விட்டமும் சுமார் 0.2 மி.மீ. இவற்றின் மொத்தப் பரப்பு 70 சதுர மீட்டர் அளவினது. நுரையீரல் 5 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரே உருண்டைப் பையாக இருந்திருப்பின், அதன் உட்பரப்பு ஒரு சதுர மீட்டரில் ஏழில் ஒரு பங்கே இருக்கும். அப்பரப்பைக் கொண்டு மனிதனால் உயிர்வாழ இயலாது.

நுண்ணறையின் சுவரும் இரத்த நுண்நாளத்தின் சுவரும் மிக மெல்லியவை. நுண்ணறைக் காற்றில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 104 மி.மீ. பாதரசம், அங்கு வந்துசேரும் இரத்தத்தில் அது 40 மட்டுமே. இவ்வேறுபாட்டால் ஆக்சிஜன் இரத்தத்திற்குள் விரவுகிறது. கார்பன் டைஆக்சைடு எதிர்த்திசையில் வெளியேறுகிறது. ஓய்வு நிலையில் சிவப்பணு ஒன்று இந்நாளத்தைக் கடக்க முக்கால் நொடியே ஆகிறது. பரிமாற்றத்திற்கு அதுவே போதும்.

ஆனால் அறைகள் சிறியனவாக இருப்பதில் ஓர் இடர் உண்டு. அவற்றின் உட்சுவரில் மெல்லிய நீர்ப்படலம் படர்ந்துள்ளது. அதன் பரப்பு இழுவிசை அறையை உள்நோக்கிச் சுருக்குகிறது. அறை சிறிதாகச் சிறிதாக அதனைத் திறந்து வைக்கத் தேவைப்படும் அழுத்தம் மிகுகிறது. இழுவிசையின் பங்கை 1929இல் கர்ட் ஃபான் நீர்கார்ட் சோதனையால் காட்டினார். நுரையீரலைக் காற்றால் விரிப்பதைவிட நீர்மத்தால் விரிக்கக் குறைந்த அழுத்தமே தேவைப்பட்டது. நீர்மம் நிறைந்தால் காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பே இல்லை. ஆகவே இழுவிசையும் இல்லை.

உடல் இவ்விடரைச் சர்ஃபாக்டன்ட் என்னும் பொருளால் தீர்த்துக்கொள்கிறது. நுண்ணறைச் சுவரிலுள்ள இரண்டாம் வகைச் செல்கள் சுரக்கும் இக்கொழுப்பு-புரதக் கலவை, நீர்ப்படலத்தின் மேல் பரவி இழுவிசையைக் குறைக்கிறது. கருவுற்ற 24ஆம் வாரத்தையொட்டி இதன் உற்பத்தி தொடங்கினாலும், போதிய அளவை எட்டுவது சுமார் 35ஆம் வாரத்தில்தான். அதற்கு முன் பிறக்கும் குழந்தை, ஒவ்வொரு மூச்சையும் முதல் மூச்சைப்போலவே போராடி இழுக்க நேரிடலாம். மார்பு உள்வாங்கும், முனகல் எழும், தசைகள் சோர்ந்துவிடும்.

இந்நோய்க்குச் சர்ஃபாக்டன்ட் குறைவே காரணம் என்பதற்கான சான்றை மேரி எல்லன் ஏவரியும் ஜெர் மீடும் 1959இல் வெளியிட்டனர். காரணம் தெரிந்தும் மருந்து இல்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரங்கள் முன்னதாகப் பிறந்தான். உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் வைத்தும் இரண்டு நாள்களுக்குள் அவன் இறந்தான்.

நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹோவி இருவரும் 1972இல் வேறொரு வழியைக் காட்டினர். குறைமாதப் பேறு நேரக்கூடிய தாய்க்குக் கார்ட்டிகோஸ்டீராய்டு ஊசி செலுத்தினால், கருவிலுள்ள குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர்கிறது. இம்முறை இன்றும் கையாளப்படுகிறது. 1980இல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து தயாரித்த சர்ஃபாக்டன்ட்டை மூச்சுக்குழல் வழியாகப் பத்துக் குறைமாதக் குழந்தைகளுக்கு அளித்தார். சில மணி நேரத்தில் அவர்களுக்குத் தேவைப்பட்ட கூடுதல் ஆக்சிஜனின் அளவு குறைந்தது.