கைக்கு வந்த பணமும் பத்திரத்தில் எழுதிய பணமும்

கடன் வாங்குகிறவர் முதலில் கேட்பது, "வட்டி எவ்வளவு?" என்பதே. அதைவிட, "என் கைக்கு எவ்வளவு வரும்? எந்தத் தேதியில் எவ்வளவு திரும்பப் போகும்?" என்று கேட்பது பயனுடையது. இதனை அங்கத்தினர்களுக்கு ஒரு கணக்கின் மூலம் விளக்க விரும்புகிறோம்.

அனகாபுத்தூரில் தறி வைத்திருக்கும் ஒருவர் பாவுக்கு நூல் வாங்க வேண்டித் தண்டல் கடன் எடுக்கிறார் என்று கொள்வோம். தாம்பரத்தைச் சுற்றிக் கீரையும் காய்கறியும் பயிரிடுவோருக்கும் இக்கடன் புதிதன்று. பத்திரத்தில் 10,000 ரூபாய். கையில் தருவது 9,000. நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கொடுப்பவர் இதனை "நூற்றுக்குப் பத்து" என்பார். கேட்பவருக்கும் அது பெரிதாகத் தோன்றாது.

ஆனால் 9,000 ரூபாய் அவரிடம் முழுதாக இருந்தது முதல் நாள் மட்டுமே. ஐம்பதாம் நாளில் ஏறத்தாழப் பாதி திரும்பிவிட்டது. சராசரியாகப் பார்த்தால் அவர் 100 நாளும் அனுபவித்த தொகை சுமார் 4,500 ரூபாய்தான். அதற்கு 1,000 ரூபாய் வட்டி என்றால் 100 நாளைக்கு நூற்றுக்கு 22. ஓராண்டுக்கு ஏறத்தாழ 80! காலையில் 900 வாங்கி மாலையில் 1,000 கொடுக்கும் கடனுக்கு ஆண்டுக் கணக்குப் போட்டுக் காட்டவும் எமக்கு மனம் வரவில்லை.

முன்கூட்டிப் பிடிக்கும் இப்பழக்கம் தண்டல்காரரோடு நிற்பதில்லை. "பரிசீலனைக் கட்டணம்", "காப்பீடு" என்ற பெயர்களில் நிதி நிறுவனங்களும் கடன் தொகையில் பிடித்தம் செய்வதுண்டு. இதற்காகவே ரிசர்வ் வங்கி ஓர் ஏற்பாட்டைச் செய்தது. 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும், கூட்டுறவு வங்கிகளும், வங்கியல்லாத நிதி நிறுவனங்களும் தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் தரும் புதிய தவணைக் கடன்களுக்கு முக்கிய விவரங்கள் அடங்கிய ஓர் அறிக்கையை முன்னதாகத் தர வேண்டும். அது கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும். வட்டியையும் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து, ஆண்டுக்கு நூற்றுக்கு எத்தனை என்பதை ஒரே எண்ணாக அதில் காட்ட வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தைப் பின்னர் நம் வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்க இயலாது. ஏழு நாளும் அதற்கு மேலும் தவணையுள்ள கடனாயின், வீட்டுக்குக் கொண்டுபோய் யோசித்துப் பார்க்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை இவ்விதி கட்டுப்படுத்தாது என்பது உண்மை. அதனால் நம் சங்கங்கள் இத்தகைய தாளைத் தரக் கூடாது என்று ஆகிவிடாது. நிர்வாகக் குழுவினர் இதனை யோசிப்பார்களாக.

தனியார் லேவாதேவிக்கு வருவோம். 1957ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டப்படி உச்ச வட்டியை அரசு நிர்ணயிக்கிறது. 2003இல் தமிழ்நாடு இயற்றிய அதீத வட்டித் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடை செய்தது. மீறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. பலரும் அறியாத பிரிவு ஒன்றும் அதில் இருக்கிறது. கடன்பட்டவர் அசலையும் நியாயமான வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யும்படி மனுச் செய்யலாம். பறித்துக்கொண்ட சொத்தை மீட்கவும் கோரலாம். இத்தனையும் இருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே கந்து வட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்து மாண்டது. சட்டப் புத்தகத்திற்கும் ஏழையின் வாசலுக்கும் உள்ள தூரத்தை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

அத்தூரத்தை மிகுவிப்பது பெரும்பாலும் ஒரு வெற்றுத் தாள். நிரப்பாத முத்திரைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அதனை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தை 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டமே வாங்கியவருக்கு அளிக்கிறது. காசோலையாயினும், அது கடனுக்காகத் தரப்பட்டது என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். அன்று என்று நிரூபிக்கும் பாரம் நம்முடையது. எனவே தொகையும் தேதியும் எழுதாத எதிலும் கையெழுத்திடலாகாது. ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கேளுங்கள். கைப்பேசி வழியே பணம் அனுப்பினால் அந்தப் பதிவே சாட்சியாகும்.

வசூலிக்கும் முறையைப் பற்றி 2025இல் சட்டமன்றம் தனிச் சட்டமொன்றை நிறைவேற்றியது. மிரட்டுதல், விடாது பின்தொடர்தல், அரசு உதவி பெறுவதற்கான ஆவணங்களைப் பிடுங்கிக்கொள்ளுதல் ஆகியன இப்பொழுது குற்றம். குடும்ப அட்டையை அடகாகக் கேட்பவரிடம் இதனை எடுத்துச் சொல்லலாம்.

இத்தகைய கொடுமைக்குக் காவல் நிலையத்திலோ மாவட்ட ஆட்சியரிடமோ எழுத்து மூலம் புகார் தர வேண்டும். வங்கியின் மீதோ பதிவு பெற்ற நிதி நிறுவனத்தின் மீதோ குறையிருந்தால், முதலில் அந்நிறுவனத்திற்கே எழுதுக. முப்பது நாளில் தக்க விடை வராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. முதற் கடிதத்தின் நகலையும் அதனை அனுப்பிய அத்தாட்சியையும் தவறாமல் இணைத்தல் வேண்டும்.