ஒரு கார்பன் வித்தியாசம்

வேதியியல் சார் போர்டில் "ஆல்கஹால்" என்று எழுதியதும் கடைசி பெஞ்சில் ஒரு சிரிப்பு கிளம்புமே, அதில் நானும் ஒருவன். அந்தச் சிரிப்பு நின்றது பாடியை அடுத்த ஒரு பட்டறையில், இன்-பிளான்ட் டிரெயினிங் போனபோது. ஜன்னலோரம் மினரல் வாட்டர் பாட்டில் ஒன்று இருந்தது. தாகத்தில் கையை நீட்டினேன். "தம்பி, தொடாதே! அது துடைக்கிற மெத்தனால்" என்று கத்தினார் ஒரு மூத்த தொழிலாளி. பாட்டிலில் லேபிள் இல்லை.

எத்தனாலில் இரண்டு கார்பன், மெத்தனாலில் ஒன்று. இரண்டும் நிறமற்றவை, வாசனையை வைத்துப் பிரித்தறிய முடியாது. கொதிநிலை முன்னதற்கு 78, பின்னதற்கு 65 டிகிரி. பரீட்சைக்கு இது போதும். உயிருக்குப் போதாது.

நம் கல்லீரலில் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்றொரு நொதி உண்டு. லேபில் நாம் செய்யும் அதே ஆக்சிஜனேற்றம்தான் அதன் வேலை. எத்தனாலை அசிட்டால்டிஹைடாக்கும், அது பிறகு அசிட்டிக் அமிலமாகும். மெத்தனாலையோ பார்மால்டிஹைடாக்கும், அது பார்மிக் அமிலமாகும். எறும்புக் கடியில் சுரீர் என்கிறதே, அதே அமிலம். செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த விடாமல் தடுத்து, முதலில் பார்வை நரம்பைத் தாக்கும். 10 மில்லியில் கண் போகலாம், 30 மில்லியில் உயிரே போகலாம்.

2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் குடித்தது ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று அப்போதைய டி.ஜி.பி. அறிவித்தார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர். அங்கும் மெத்தனால்தான். வெல்லத்தை ஊறல் போட்டால் மெத்தனால் சொற்பமாகத்தான் வரும். கொத்துக் கொத்தாய்ச் சாவது, ஆலைக்குப் போகவேண்டிய கேன் சாராயத்தில் கலப்பதால்.

இதில் கொடுமை என்னவென்றால், விஷம் உடனே தெரியாது. 12 மணி, 24 மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, வயிற்றுவலி, கண்முன் பனிமூட்டம். "தூங்கினா சரியாயிடும்" என்று படுக்கவைப்போமே, அந்த நேரத்தில்தான் உள்ளே அமிலம் ஏறிக்கொண்டிருக்கும். 108-ஐ உடனே கூப்பிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பொமெபிசோல் ஊசியோ, எத்தனாலேயோ கொடுத்து நொதியைத் தடுப்பார்கள், டயாலிசிஸும் செய்வார்கள். நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால் மேல்தான் பிரியம் அதிகம். இதைச் சொன்னதும், "அப்போ ஒரு குவார்ட்டர் ஊத்தினா போதுமேடா" என்றான் ரூம்மேட். ரத்தத்தில் அளவு பார்த்து மணிக்கணக்கில் டாக்டர் செய்கிற வேலையப்பா அது! குவார்ட்டர் மட்டும் சாதுவா என்ன? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்துவிட்டது.

அன்று மாலையே அந்தப் பாட்டிலைக் காலி செய்து, மெத்தனாலைக் கேனுக்கு மாற்றி, "மெத்தனால் - விஷம்" என்று மார்க்கரில் எழுதி ஒட்டினேன். அந்த அண்ணன் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஹிந்தியிலயும் எழுது தம்பி. நைட் ஷிப்ட்ல பீகார் பசங்க இருக்காங்க."