தூய அறைத் தொழிலும் முறை பிறழா மனமும்

வள்ளுவர் தூய்மையைப் புறம், அகம் என இருவகைப்படுத்தினார். இவ்விரண்டும் ஒருங்கே வேண்டப்படும் தொழிற்களம் 'தூய அறை' ஆகும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க இயற்பியலார் வில்லிஸ் விட்ஃபீல்டு இதன் இன்றைய வடிவை வகுத்தார். வடிகட்டிய காற்று இடையறாது பாய்ந்து நுண்துகள்களை வெளியேற்றும். 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டை அவ்வடிகட்டிகள் தடுக்கும். எனினும், அங்கு மாசு கொணர்வோருள் முதல்வன் மனிதனே. அவன் தோலும் முடியும் ஓயாது உதிர்கின்றன. ஆதலின் தலையுறை, முகக்கவசம், முழுவுடை, கையுறை ஆகியவற்றை வகுத்த வரிசையிலேயே அணிதல் வேண்டும்; உள்ளே விரைந்து நடத்தலும் ஆகாது.

மதுரையில் 1992இல் தோன்றிய அரோலேப் இதற்குத் தக்க சான்று. அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில் எழுந்த அந்நிறுவனம், கண்புரை அறுவையில் பொருத்தும் உள்விழி வில்லைகளை ஏழையர்க்கும் எட்டும் விலையில் ஆக்கியது. அங்குப் பணிபுரிவோருள் பெரும்பாலோர் பெண்கள்.

எத்தகையோர்க்கு இப்பணி பொருந்தும்? எழுதிய முறையை நூறாம் தடவையும் முதல் தடவைபோல் செய்வார்க்கே. சேலம், நாமக்கல் மாணவர்க்கு இவ்வொழுங்கு புதிதன்று. இழை அறுந்தால் தறியை நிறுத்திப் பிணைத்த பின்னரே நெசவாளர் தொடர்வர். கிருமிநாசினி நீரில் கால் நனைத்தே கோழிப்பண்ணையுள் நுழைவர்.

முறை பேணல் கண்மூடிப் பணிதல் அன்று. பிழை நேர்ந்தவிடத்து அதனை மறையாது பதிவேட்டில் எழுதுதலும் முறையே. கிழிந்த கையுறையை ஒருவர் மறைப்பின், முகமறியா நோயாளி தம் கண்ணையே இழக்க நேரலாம். காண்பார் இல்லாதபோதும் முறை பிறழாமையே அகத்தூய்மை. 'மெல்ல நடப்பவர்' என நாம் ஒதுக்கும் மாணவரிடத்தும் அப்பண்பு இருத்தல் கூடும். ஆசிரியர் அதனைக் கண்டு போற்றுக.